எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறைகள்

தலித் எழுத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்திருக்கும் விமர்சனங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் நிலம் இருக்கிறது, பறை இருக்கிறது, மாட்டுக்கறி இருக்கிறது. மொழியைப் பற்றிய சண்டை வேண்டிய மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூட பெஞ்சு மட்டும் இல்லை. இத்தனைக்கும் நம் தன்வரலாறுகளில் சேரிக்கு அடுத்தபடி அதிகமாக வருகிற இடம் வகுப்பறைதான். அந்தப் பகுதிகளை 'படித்து முன்னேறிய கதை' என்று சொல்லி நம் ஆட்களே தாண்டிப் போய்விடுகிறார்கள். மேல்சாதி விமர்சகருக்கோ அது 'உருக்கமான பகுதி'. உச்சுக்கொட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

நான் தேனாம்பேட்டையில் ஒரு குடிசைப்பகுதியில் பிறந்து, மயிலாப்பூர் பக்கம் படித்து, இருபது வருஷத்துக்கு மேலாக மாநகராட்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள். கரும்பலகைக்கு இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில், நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதப்பட்டவற்றில் சிலவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கிறேன். சில பிரதிகள் நம்மைப் பற்றியவை, சில நாம் எழுதியவை. எல்லாவற்றிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளை யாரென்று பள்ளிக்கூடம் எப்படிக் கண்டுபிடித்தது?

அடையாறிலிருந்து தொடங்குவது வசதி. வரைபடமே பாதி விமர்சனத்தைச் செய்து வைத்திருக்கிறது. கடற்கரையை ஒட்டி மீனவர்கள் இருக்கும் இடத்துக்குப் பெயர் ஊரூர் ஆல்காட் குப்பம். அதை ஒட்டி அடுக்குமாடிகளும் காப்பிக் கடைகளும் இருக்கும் இடத்துக்குப் பெயர் பெசன்ட் நகர். இரண்டு பேருமே பிரம்மஞான சபையின் தலைவர்கள். ஒருவர் பெயர் குப்பத்துக்குப் போனது, இன்னொருவர் பெயர் நகருக்குப் போனது. யார் திட்டம் போட்டு வைத்ததும் இல்லை. இருந்தாலும் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தெருக்களில் நடந்தால், பெயர்கள் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று தோன்றும்.

கர்னல் ஆல்காட் அமெரிக்கர். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் பணியாற்றியவர். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை 1882இல் அடையாறைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. 1894இல் அவர் ஊரூரில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று வளர்ந்து மொத்தம் ஐந்து பள்ளிகள். 'ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளிகள்' என்று பெயர். முதல் பள்ளியின் வாரிசு ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் இன்றும் கட்டணம் வாங்காமல் நடக்கிறது. மயிலாப்பூர் அக்கிரகாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அந்தக் காலத்தில், சேரிப் பிள்ளை கையில் சிலேட்டைக் கொடுப்பது சின்ன காரியம் இல்லை. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல.

ஆனால் 1902இல் அவர் வெளியிட்ட சிறு நூலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதியது. தலைப்பு, 'ஏழைப் பறையன்' என்று பொருள்படும். தலைப்பிலேயே யார் பேசுவது, யாரிடம் பேசுவது, யாரைப் பற்றிப் பேசுவது என்ற மூன்றும் பிரிந்துவிடுகின்றன. பறையன் பேசுபொருள். கேட்கிறவர் கையில் பணம் உள்ள வெளியாள். அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரில் இதே சென்னையில் பத்திரிகை நடத்தத் தொடங்கிவிட்டார். அவர் தலைப்பில் 'ஏழை' இல்லை. இரண்டு தலைப்புக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு சொல்தான் தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரம்.

ஆல்காட்டின் கதையைச் சொல்கிறவர்கள் அயோத்திதாசரை ஓரத்தில் நிறுத்திவைப்பது வழக்கம். 1898இல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றவர் அயோத்திதாசர். கூடப் போனவர் இந்தப் பள்ளிகளோடு சம்பந்தப்பட்ட ஆசிரியர் கிருஷ்ணசாமி. அந்த வருஷமே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வந்தது, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. சொந்தமாகச் சங்கமும் பத்திரிகையும் மருத்துவமும் வைத்திருந்த ஒரு சமூகத்தைத்தான் சபையின் ஆவணங்கள் கைதூக்கிவிடக் காத்திருந்த கூட்டமாகக் காட்டுகின்றன. ஞான அலாய்சியஸ் தொகுத்து 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. 'ஆல்காட் தொடங்கினார்' என்ற வாக்கியத்தின் எழுவாயை இனியாவது கொஞ்சம் அகலப்படுத்தி எழுத வேண்டும்.

ஆல்காட் 1907இல் இறந்தார். சபைத் தலைமைக்கு அன்னி பெசன்ட் வந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1909 பிப்ரவரியில், 'இந்தியன் ரிவ்யூ' என்ற சென்னைப் பத்திரிகையில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கட்டுரையை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அம்பேத்கர் 1945இல் வந்த தன் புத்தகத்தில், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்கும் அந்தப் புத்தகத்தில், முதல் அத்தியாயத்திலேயே நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். அம்பேத்கரின் விமர்சன முறையைக் கவனிக்க வேண்டும். எதிரி பேசட்டும் என்று அவருக்கு முழு இடம் கொடுத்துவிடுகிறார்.

அம்மையார் சொல்வதன் சாரம் இது. எல்லா நாட்டிலும் அடித்தட்டில் அறியாமையும் அழுக்குமான ஒரு கூட்டம் உண்டு, இங்கிலாந்திலும் உண்டு. இந்தியாவில் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் நெருக்கி உட்கார வைக்கக் கூடாது. அவர்கள் உடம்பு நாறுகிறது. குடியும் கடுநெடி உணவும் அந்த உடம்பில் ஊறியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சுத்தத்தில் பழகிய உடம்புகளின் பக்கத்தில் உட்கார இவர்களுக்கும் சில தலைமுறைகள் ஆகும். அதுவரைக்கும் முதலில் குளிக்கவும் ஒழுங்காக நடக்கவும் கற்றுக்கொடுப்போம். சுத்தமானவர்களை அழுக்கின் மட்டத்துக்கு இழுத்து இறக்கிவிடக் கூடாது.

பிரதியாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான எழுத்து. சாதி என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் மூக்கை வைக்கிறார். தீட்டு என்று சொன்னால் சாஸ்திரம் ஆகிவிடும், படித்தவர்கள் சிரிப்பார்கள். நாற்றம் என்று சொன்னால் சுகாதாரம் ஆகிவிடும். இங்கிலாந்து ஏழைகளைக் கூட்டிவந்து சாட்சிக்கு நிறுத்தியதும், விஷயம் வர்க்கம் என்று ஆகி, சேரி கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. 'சில தலைமுறைகள்' என்பது தேதி குறிக்காத பரீட்சை. நம் பிள்ளை தேறிவிட்டது என்று யார் சொல்வார்கள், எந்த வருஷம் சொல்வார்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. அழுக்குக்குக் காரணமான தண்ணீரைப் பற்றியும், அதாவது ஊர்க்கிணறு யாருக்கு மூடியிருந்தது என்பதைப் பற்றியும், பேச்சு இல்லை. இதை எழுதியவர் தலைவராக இருந்த சபைதான் அப்போது பஞ்சமர் பள்ளிகளை வைத்திருந்தது. எட்டு வருஷத்தில், 1917இல், அவர் காங்கிரசுக்கும் தலைவரானார். தாழ்த்தப்பட்டோர் மீதான தடைகளை நீக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் அவர் தலைமையிலேயே நிறைவேறியது. அம்பேத்கர் ஏன் அதை விசித்திரமான நிகழ்ச்சி என்று பார்த்தார் என்பது இப்போது புரியும்.

பெசன்ட் அம்மையாருக்கு ஒரு பதில் அவர் எழுதுவதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தியே நடந்து முடிந்திருந்தது. எழுத்தில் வந்ததுதான் 1939இல். இரட்டைமலை சீனிவாசன் எண்பது வயதை ஒட்டி எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. பெயருக்கேற்ற சுருக்கம், ஒரு சிறு நூல். அதில் கோயமுத்தூரில் படித்ததைச் சொல்லும் இடம் மிகக் குறைவான வரிகள். ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் அவர் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். கூட விளையாட முடியாத ஏக்கத்தையும் சொல்கிறார். அவ்வளவுதான். அழுகை இல்லை, சபதம் இல்லை.

இதைப் பெசன்டின் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முன்னூற்றுத் தொண்ணூறு பிராமணப் பிள்ளைகள் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூக்குக்கும் எதுவும் தெரியவில்லை! தெரிந்திருந்தால் அவர் ஒளிய வேண்டிய அவசியமே வந்திருக்காது. முதல் நாளே வெளியே தள்ளியிருப்பார்கள். உடம்பு காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடியது பேச்சுதான். 'எந்தத் தெரு? அப்பா யார்?' என்ற கேள்விதான். அதனால்தான் மணிக்கு முன்னால் உள்ள அந்த அரட்டை நேரத்துக்கு அவர் பயந்தார். பாடம் நடக்கும்போது பயமில்லை, பாடம் நடக்காதபோதுதான் பயம். பள்ளிக்கூடம் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட பத்தியை நான் தமிழில் வாசித்ததில்லை. ஆனால் தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நூலைக் கணக்கில் எடுப்பது கிடையாது. உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தில் படிப்புக்காக அலைந்த கதையை எத்தனை முறை எடுத்துக் கொண்டாடியிருக்கிறோம்! அது 1940இல் தொடராக வரத் தொடங்கியது, இது 1939. படிப்பைத் தேடி ஊர் ஊராகப் போனவர் ஒருவர், படிக்கிற இடத்திலேயே ஒளிந்து திரிந்தவர் ஒருவர். இரண்டையும் சேர்த்து வாசிக்காத வரைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி பற்றி நமக்குத் தெரிந்தது பாதிதான்.

மூக்கால் முடியாததைச் செய்யத்தான் வருகைப் பதிவேடு வந்தது. பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது எல்லோரும் அதன் மொழியைப் பற்றியும் திருச்சபை பற்றியும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். கல்லூரி வகுப்பில் அரிசன மாணவிகள் எழுந்து நிற்கும்படி கேட்கப்படும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரசாங்கம் சிறப்பு டியூஷன் தருகிறதாம், அதற்காகக் கணக்கெடுப்பு. நல்லது செய்யத்தான் எழுப்புகிறார்கள். சீனிவாசன் மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டதை, நூறு வருஷம் கழித்து ஒரு நலத்திட்டம் ஒரு நிமிஷத்தில் வகுப்பு முழுக்கப் போட்டு உடைக்கிறது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அதுதான் இந்தக் காட்சியின் பயங்கரம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஏழாம் வகுப்பில். பள்ளியின் பெயர் வேண்டாம். "எஸ்.சி. புள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்றார் டீச்சர். நல்ல டீச்சர்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறுபது பேரில் ஒன்பது பேர் எழுந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் ஜாமெட்ரி பாக்ஸைச் சத்தமில்லாமல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். வீட்டில் வந்து அழுதேன். தி. நகரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருந்த அம்மா சொன்னது: "எய்ந்து நிக்க இன்னாடி வெக்கம்? அவுங்க வூட்டுத் துட்டா? சர்க்கார் துட்டு, நம்ம துட்டு. நல்லா நிமிந்து நின்னு வாங்கினு வா." அம்மா சொன்னது அரசியல். ஆனால் பன்னிரண்டு வயசில் அரசியல் முதுகெலும்புக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும். அடுத்த வருஷமும் எழுந்து நின்றேன், குனிந்துகொண்டுதான்.

இது அந்தக் காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய பிறகு அரசு ஒருநபர் குழு அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, வகுப்பில் மாணவரின் சாதியைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அதில் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. தடுக்கச் சொல்லி 2024இல் எழுதுகிறார்கள் என்றால் 2024 வரை நடக்கிறது என்று பொருள். கைக்கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைகளுக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலில் இந்தப் பகுதியை யாரும் படிக்கவே இல்லை.

இப்போது தி. நகர், மயிலாப்பூர், அடையாறு பள்ளிகளில் சாதியை வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, மொழிச் சிறுபான்மை உட்பட, சட்டம் பொருந்தாது என்றும் தீர்ப்பு வந்தது. 2025இல் மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்திவைத்த தகராறில் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. தில்லிக்கும் சென்னைக்கும் சண்டை, நடுவில் நின்றது எல்.கே.ஜி. பிள்ளை.

என் தங்கை மகனுக்கு அந்த 25 சதவீதத்தில் ஒரு பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. அதன் பெயரும் வேண்டாம். அலுவலகத்தில் என்ன கேட்டார்கள் என்று தங்கையிடம் கேட்டேன். "சாதியெல்லாம் கேக்கலக்கா, மரியாதையாதான் பேசினாங்க. 'எந்த ஏரியா? சொந்த வீடா? வீட்ல இங்லீஷ் பேசுவீங்களா? இங்க அட்மாஸ்பியர் வேற, பையனுக்குக் கஷ்டமா இருக்கும், யோசிச்சுக்கோங்க'ன்னாங்க." பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் அவளைச் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாள் பையன் என்னிடம் வந்து, "பெரியம்மா, நான் ஆர்.டி.இ.யாம்" என்றான். ஆறு வயசு. ஒரு சட்டத்தின் பெயர் அவனுக்கு ஒரு சாதியின் பெயராக வந்து சேர்ந்திருக்கிறது. 'அட்மாஸ்பியர்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு 1909 ஞாபகம் வந்தது. பையனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்ற அக்கறைகூட அம்மையாருடைய அக்கறைதான்.

இந்த இடத்தில் ஓர் ஓரக்குறிப்பு. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1939இல் அவர் அடையாறு வந்து சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சேரிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை அது. இன்று தென்சென்னையில் அந்தப் பெயர்ப் பலகையுள்ள பள்ளிக்கு நம் குடிசைப்பகுதிப் பெண்கள் போவது பெரும்பாலும் கூட்டிப் பெருக்கத்தான்.

சரி, அப்படியானால் தனிப் பள்ளியா, பொதுப் பள்ளியா? இங்கேதான் நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை. ஆல்காட் தனிப் பள்ளி திறந்த இரண்டாம் வருஷம், 1896இல், அவர் பிறந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கறுப்பருக்குத் தனி இடம், ஆனால் சம இடம் என்ற தீர்ப்பைச் சொன்னது. ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, 1954இல், பள்ளிகளில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே 1935இல் டு போய்ஸ், நீக்ரோவுக்குத் தனிப் பள்ளி வேண்டுமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தனியோ பொதுவோ, எது கல்வி தருகிறதோ அதுதான் வேண்டும். தன்னை வெறுக்கும் ஆசிரியரிடம் கறுப்புக் குழந்தையை ஒப்படைப்பது கல்வி ஆகாது என்பது அவர் வாதம். அன்று அவரைப் பிற்போக்காளர் என்று திட்டினார்கள். 1954க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பு ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நமக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல. 1920களில் லேபர் டிபார்ட்மெண்ட் நம் பிள்ளைகளுக்குத் தனியாக நடத்திய 'லேபர் ஸ்கூல்'களின் வழியில் வந்தவைதான் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 2023 பட்ஜெட்டில் இவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தது. சந்துரு அறிக்கையும் அதையே சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. என் சந்தேகம் இதுதான்: இணைத்த பிறகு அந்தப் பள்ளிகளின் நிலம் யாருடையது? நம் பெண்கள் தலைமையாசிரியர்களாக இருக்கும் நாற்காலிகள் என்ன ஆகும்? பலகையில் பெயரை மாற்றினால் மற்ற சாதிக்காரர்கள் அங்கே பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பெயரில் சாதி கிடையாது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அந்த வகுப்புகளில் யார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். பொதுப் பள்ளியிலிருந்து மேல்சாதியும் பணமும் எழுந்து போய்விட்டன. பொது என்ற பெயர் மட்டும் எங்களிடம் விட்டுப்போனது. அதனால் இணைப்பை நான் எதிர்க்கவில்லை, ஆசிரியர் பணியிடத்துக்கும் நிலத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் இல்லாத இணைப்பை எதிர்க்கிறேன்.

பெயர் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் ஆதிதிராவிடர் விடுதிகள் உட்பட நலத்துறை விடுதிகள் எல்லாம் 'சமூகநீதி விடுதி' ஆகும் என்று முதல்வர் அறிவித்தார். 1922இலும் ஒரு பெயர் மாற்றம் நடந்தது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. ஆல்காட் பள்ளிகளின் பலகையில் இருந்த 'பஞ்சமர்' நமக்கு யாரோ வைத்த பெயர். ராஜா கேட்டது நாமே வைத்துக்கொண்ட பெயர். அவர் ஆசிரியர் தொழில் பார்த்தவர், பாடப் புத்தகம் எழுதியவர். ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து குழந்தைப் பாடல்களையும் தொகுத்தார். மயிலாப்பூர் வீடுகளிலும் அந்த மாதிரிப் பாட்டுக்களைப் பாடித்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள், தொகுத்தவர் யார் என்று தெரியாமலே. சைதாப்பேட்டையில் அவர் பெயரில் உள்ள கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இந்த மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். புதுப் பெயர் வைக்கும்போது பழைய பெயர் நாம் வைத்ததா, நமக்கு வைக்கப்பட்டதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வைக்கலாம்.

எந்தப் பள்ளி என்ற வாதமே அடிபட்டுப்போகிற இன்னோர் இடம் இருக்கிறது. தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், அரைப்பரீட்சை சமயத்தில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றத் தொடங்கினார்கள். 1967 அமைச்சரவையில் அரிசன நலத்துறையைப் பார்த்த தலித் பெண் அமைச்சரின் பெயர் கொண்ட குடியிருப்பு அது. அதற்கு முன்னால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி. மயிலாப்பூர், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்தும் இப்படிப் போனவர்கள் ஏராளம். என் வகுப்பிலிருந்தும் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை. சில பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். அப்புறம் அவர்களும் நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதச் சொல்வார்கள். பள்ளிக்குப் பக்கத்திலிருந்து வீட்டைத் தூக்கி எறிந்தவர்களைக் குறிக்க அந்தப் பதிவேட்டில் காலம் கிடையாது.

நம் எழுத்தாளர்கள் இன்னும் இதை எழுதவில்லை. சேரியை எழுதிவிட்டோம், ஊரை எழுதிவிட்டோம். பெரும்பாக்கம் எட்டாவது மாடியிலிருந்து இறங்கி மயிலாப்பூர் பள்ளிக்கு வந்து நின்றுபோன பெண்ணின் கதை எந்தத் தொகுப்பிலும் என் கண்ணில் படவில்லை. நகரத்துத் தலித் வாழ்க்கையை வடசென்னையோடு முடித்துக்கொள்ளும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. மாம்பலம் கால்வாய் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. ஆல்காட்டும் பெசன்டும் எழுதியவை நூலகத்தில் இருக்கின்றன. ஊரூரிலும் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் சொன்னது எங்கே இருக்கிறது? அவர்களுடைய பேரன் பேத்திகள், கொள்ளுப் பேரப் பிள்ளைகள் இந்தத் தெருக்களில்தான் இருக்க வேண்டும், அல்லது கண்ணகி நகரில். தாத்தா எத்தனாவது வரை படித்தார், அதற்கு மேல் எந்தப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது அல்லது விரட்டியது, வாத்தியார் பெயர் என்ன, மத்தியானம் என்ன சாப்பிட்டார், எதற்கு அடி வாங்கினார் என்று வீட்டில் பேச்சு இருந்தால் எழுதி அனுப்புங்கள். எழுத வராதென்றால் சொல்லுங்கள், வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.